கிரேட் நிக்கோபார்: மலை பத்திரமா இருக்கு, அப்புறம் என்ன பிரச்சனை?

கிரேட் நிக்கோபார் திட்டம் பற்றிய செய்திகளில் துறைமுகம் வரும், விமான நிலையம் வரும், கோடிகள் வரும். மவுண்ட் துல்லியர் என்ற பெயரைப் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டீர்கள். உயரம் 642 மீட்டர். ஏற்காட்டில் பாதிகூட இல்லை. ஆனால் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான சிகரம் இதுதான். சுற்றிலும் மழைக்காடு, உச்சியில் மேகமூட்டம்.

அந்த மலையை வெட்டப் போறாங்களா?

இல்லை. 1989-ல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் அது இருக்கிறது. 2013-ல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் அந்தக் காப்பகம் இடம்பிடித்தது.

அப்போ எதுக்கு எதிர்ப்பு?

அந்த மலைத்தொடரில் பிறக்கும் கலாத்தியா ஆறு தெற்கே ஓடி, கலாத்தியா விரிகுடாவில் கடலைச் சேர்கிறது. கன்டெய்னர் துறைமுகம் வரப்போவது அங்கேதான். உலகின் மிகப் பெரிய ஆமையான லெதர்பேக் முட்டையிடும் கடற்கரை அது. அங்கிருந்த சரணாலயத் தகுதி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதாவது, ஆறு தொடங்கும் இடத்துக்குப் பாதுகாப்பு இருக்கு, முடியும் இடத்துக்கு இல்லை.

எவ்வளவு காடு போகும்?

2022-ல் கொள்கை அளவில் அனுமதி கிடைத்தது 130.75 சதுர கிலோமீட்டர் வனநிலத்துக்கு. தீவில் சுமார் ஏழில் ஒரு பங்கு. சென்னை மாநகராட்சிப் பரப்போடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அரசு என்ன சொல்லுது?

தீவு மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் கன்டெய்னர்களில் ஒரு பகுதி இன்னும் கொழும்பு, சிங்கப்பூர் போய்த்தான் கப்பல் மாறுது. அந்த வருமானமும் ராணுவத் தேவையும் நிஜமான காரணங்கள்தான்.

வெட்டுற மரத்துக்குப் பதிலா வேற நடலாமே?

அதற்காகத் தேர்ந்தெடுத்த மாநிலங்களில் ஒன்று ஹரியானா. அங்கே மரம் வளரலாம், நிக்கோபார் மழைக்காடு வளராது. அந்தக் காட்டையே வீடாகக் கொண்ட ஷோம்பென் பழங்குடியினரும் அங்கே போக முடியாது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர்.

அடுத்த முறை 'காப்பகத்துக்குப் பாதிப்பில்லை' என்று படித்தால், வரைபடத்தில் மலையோடு நிறுத்தாம ஆற்றையும் கடல்வரை பாருங்க.