கவி பாடுவது எதற்காக?

ரபீஉல் அவ்வல் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் மௌலிது மஜ்லிஸ்களும் மீலாது மேடைகளும் களைகட்டுகின்றன. மார்க்க உரைகளுக்கிடையே கவியரங்கம் நடத்துவதும் வழக்கமாகிவிட்டது. எங்கள் ஜெயமங்கலத்தில் அத்தகைய மேடைக்கெனக் கவிதை எழுதிவந்த இளைஞர் ஒருவர், "ஹஸ்ரத், கவிஞர்களைக் கண்டித்துக் குர்ஆனிலேயே வந்திருக்கிறதாமே! அப்படியானால் நான் எழுதுவதும் வாசிப்பதும் வீண்தானா?" என்று வினவினார்.

திருமறையின் 26-ஆம் அத்தியாயத்திற்குப் பெயரே 'அஷ்ஷுஅரா', அதாவது கவிஞர்கள். அதன் இறுதியிலுள்ள 224 முதல் 227 வரையிலான வசனங்களைப் பாதியில் நிறுத்திவிடுவோரே இத்தகைய ஐயத்தைக் கிளப்பிவிடுகின்றனர். கவிஞர்கள் பள்ளத்தாக்குகள்தோறும் அலைந்து திரிவதையும், தாம் செய்யாததைச் சொல்வதையும் இறைவன் கண்டிக்கிறான். அதனையடுத்து, ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்தவர்களை அக்கண்டனத்திலிருந்து விலக்கியும் விடுகிறான். ஹஸ்ஸான் இப்னு ஸாபித், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா, கஅப் இப்னு மாலிக் (ரலி) ஆகிய கவிஞர் மூவரும் இவ்வசனங்களைக் கேட்டு அழுதவண்ணம் வந்தனர் என்றும், அண்ணலார் (ஸல்) அவர்கள் விலக்கினைக் கூறும் பகுதியை ஓதிக்காட்டித் தேற்றினார்கள் என்றும் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது 'செய்யாததைச் சொல்லுதல்' என்னும் குற்றமே. கவிதை என்னும் கலையை இறைவன் கடியவில்லை; சொல்லுக்கும் வாழ்வுக்கும் நடுவே விழும் பிளவைக் கடிகிறான். ஆகவே ஒருவர் எதற்காகக் கவி பாடுகிறார் என்பதற்கு அவருடைய வாய்மொழியை விடையாகக் கொள்ள இயலாது. தாம் பாடியதைத் தாமே முதலில் செவிமடுத்தாரா என்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே மிம்பர் வைக்கப்பட்டதைத் திர்மிதீயில் காண்கிறோம். வசைக்கவி ஒன்றே ஒரு கோத்திரத்தின் மானத்தைக் கெடுத்துவிடக்கூடிய அந்நாளில், குறைஷிகளுக்கு மறுமொழி கூற ஒரு நாவு தேவைப்பட்டது. எனினும் நம் இளைஞரின் வினாவுக்கு இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் வரலாறே நெருக்கமான விடையென எனக்குத் தோன்றுகிறது.

ஹிஜ்ரி 5-இல் (கி.பி. 627) அகழ் வெட்டிய நாட்களில் பசியும் குளிரும் தோழர்களை வாட்டின. பெருமானார் (ஸல்) அவர்களும் மேனியெல்லாம் புழுதி படிய மண் சுமந்தார்கள். அப்போது அவர்கள் ஈற்றுச் சொற்களில் குரலை உயர்த்திப் பாடியது இப்னு ரவாஹாவின் கவிதையையே என்று புகாரீயில் வந்துள்ளது. மண் சுமப்போரின் தோளுக்கு வலுவூட்டிய பாட்டு அது.

மூன்றாண்டுகள் சென்றன. மூத்தா போருக்கு மதீனாவிலிருந்து புறப்பட்ட படையை, நலமே திரும்பி வருக என மக்கள் வாழ்த்தி அனுப்பினர். இப்னு ரவாஹாவோ ஷஹாதத்தையே வேண்டிப் பாடிச் சென்றார். களத்தில் ஸைதும் ஜஅஃபரும் (ரலி) ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபின் கொடி அவர் கைக்கு வந்தது. அவ்வேளையில் அவருள்ளம் சற்றே தயங்கிற்று என்று இப்னு ஹிஷாம் மறைக்காமல் எழுதுகிறார். அன்று பாடிய பாட்டு இன்று கடனைக் கேட்டு வந்து நிற்கிறது! அவர் தம் நஃப்ஸை விளித்து, அதனை இடித்துரைத்துக் கவி பாடினார், குதிரையினின்றும் இறங்கினார். உறவினர் ஒருவர் இறைச்சித் துண்டொன்றை நீட்ட, ஒரு கடி கடித்தார். படையின் ஒரு புறத்தே ஆரவாரம் எழக் கேட்டதும் அதனை வீசிவிட்டு, வாளேந்தி முன்சென்று ஷஹீதானார். அக்கவிதைக்குக் கேட்போர் அவருடைய நஃப்ஸைத் தவிர வேறு எவருமிலர்.

இனி நம் தமிழுக்கு வருவோம். உமறுப்புலவரைச் சீதக்காதி வள்ளல் ஊக்கினார். அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். புரவலர் இருந்தமையால் நிய்யத் கெட்டுவிட்டது என்று கூறுவாருமுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பரிசிலுக்காக மட்டும் பாடுகிறவர் மன்னரைப் பாடுவார். 5027 பாடல்களில் பெருமானாரின் வாழ்வைப் பாட வேண்டியதில்லை. அரபு நூல்களை அணுக இயலாத நம் முன்னோர் சீறாவை வாசிக்கக் கேட்டே நபிகளாரின் வரலாற்றை அறிந்தனர். கிஸ்ஸாவும் முனாஜாத்தும் படைப்போரும் அவ்வாறே எழுத்தறியாத தாய்மாரின் நெஞ்சில் ஏறின. கவிதையை உரக்கப் பாடுவது ஆடம்பரத்திற்காக ஏற்பட்டதன்று. ஏட்டை எட்ட முடியாதவரின் செவியை எட்டுவதற்காக ஏற்பட்டது.

எங்களுக்கு அருகிலுள்ள பெரியகுளத்தில் 1945-இல் பிறந்த கவிஞர் மு. மேத்தா அவர்கள், அப்பெருமானாரின் வாழ்வையே 'நாயகம் ஒரு காவியம்' எனப் புதுக்கவிதையில் பாடினார். சீறாவின் விருத்தத்தைப் பதம் பிரித்தும் விளங்கிக்கொள்ளத் திணறும் தலைமுறைக்கு அது வாய்த்தது. யாப்பில்லாதது கவிதையாகுமா என்று புலவர்கள் வாதிட்டுக் கொள்ளட்டும். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற ஒரு மௌலவிக்குத் தகுதியுமில்லை, அவசரமுமில்லை.

எனக்கு வருத்தமளிப்பது வேறு. பள்ளியில் இஷா ஜமாஅத் நடந்துகொண்டிருக்க, மேடையின் பின்னால் நின்று தொழுகையின் மாண்பைப் பற்றிய தம் கவிதையைத் திருத்திக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டதுண்டு. அவருக்குக் கைதட்டல் நிரம்பவே கிடைத்தது.

மேடையேறும் தம்பிமார்களிடம், அழுதுவந்த மூவருள் கஅப் (ரலி) அவர்களைப் பற்றி நான் கூறுவதுண்டு. ஹிஜ்ரி 9-இல் தபூக் போருக்குச் செல்லாது தங்கிவிட்டவர் அவர். அவ்வாறு தங்கிய எண்பது பேரளவில் வந்து சாக்குகள் கூறித் தப்பித்துக்கொண்டனர். சொல்வன்மை மிக்க கஅபுக்கு அது எளிதினும் எளிது. அவரோ அண்ணலாரின் முன்னமர்ந்து, தமக்கு யாதொரு காரணமும் இல்லை என்று உரைத்துவிட்டார். ஐம்பது நாட்கள் ஊரார் அவரோடு பேசவில்லை. ஐம்பதாம் நாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் வீட்டு மாடியில் அமர்ந்திருந்தபோது, ஸல்உ மலைமீதிருந்து ஒரு குரல் அவர் பெயரைக் கூவி நற்செய்தி கூறியது. அந்நிலையிலேயே ஸுஜூதில் வீழ்ந்தார். அக்குரலுக்குரியவர் வந்து சேர்ந்ததும் தாம் உடுத்திருந்த இரு ஆடைகளையும் அவருக்கு அளித்துவிட்டு, வேறு ஆடை இரவல் வாங்கி உடுத்துக்கொண்டு அண்ணலாரின் பள்ளியை நோக்கி விரைந்தார்.