சீருடைக்குப் பின் காவல் வேலை மட்டும்தானா?

ராணுவத்தில் டாங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர், சொந்த ஊரான கல்லாவிக்குத் திரும்பியதும் ஏடிஎம் வாசலில் காவல் நிற்கிறார். கல்லாவி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஓசூரின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகளும் போச்சம்பள்ளியின் ஓலா ஆலையும் இருந்தும் இந்த நிலை!

2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கே ஆண்டுகள். முதல் அணி 2026 இறுதியிலிருந்து வெளிவரும். விதிப்படி 25 விழுக்காட்டினர் வரைதான் படையில் தொடர முடியும். மற்றவர்கள் இருபதுகளிலேயே வேலை தேட வேண்டும்.

தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும் தருகிறது. வரவேற்கலாம். ஆனால், எல்லோரும் முதலாளி ஆக முடியாதே?

படையில் கற்ற தொழிலுக்கு ஆலைகள் ஏற்கும் சான்றிதழும், மின்வாகனத்தில் குறுகிய காலப் பயிற்சியும் தேவை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ஐடிஐக்கள், ஆலை நிர்வாகங்கள் மூன்றும் வீரர்கள் விடைபெறும் முன்பே இதற்காகக் கூடிப் பேசட்டும்.