ஓநாய்க்குள்ளே ஒரு மனுஷன் இருக்கார்

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது, ஆள் உயர ஓநாய் ஒன்று டான்ஸ் ஆடுவதை நம்மில் நிறைய பேர் பார்த்திருப்போம். உடம்பு முழுக்க ரோமம், நீண்ட மூஞ்சி, பின்னால் ஆடுகிற வால். கமெண்டில் சிரிக்கிற எமோஜிகள் வரிசை கட்டி நிற்கும். ‘இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா?’ என்று நாமும் ஒன்று போட்டுவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விடுவோம்.

அந்த உடைக்குப் பெயர் ஃபர்சூட். ஒரு கிளையண்ட் கேட்டபடி ஓநாய் மனிதன் ஒன்றை வடிவமைத்து, தைத்துக் கொடுக்கிறவர் செய்யும் வேலை, நம்ம டிபார்ட்மெண்ட் லைப்ரரியில் ‘டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் ஆஃப்’ என்று தொடங்கித் தூசி படிந்து கிடக்கும் ரிப்போர்ட்களில் பாதியைவிட நல்ல இன்ஜினியரிங் என்பது என் கருத்து. சும்மா வம்புக்குச் சொல்லவில்லை. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மனிதரைப் போல நடக்கிற, பேசுகிற விலங்குக் கதாபாத்திரங்கள் மேல் ஆர்வம் கொண்டவர்கள் தங்களை ஃபர்ரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களின் முதல் மாநாடு 1989ல் கலிஃபோர்னியாவில் நடந்தது. ஆந்த்ரோகான் என்ற பெரிய மாநாடு 2006ல் இருந்து பிட்ஸ்பர்க் நகரத்தில் நடக்கிறது. எல்லா ஃபர்ரிகளிடமும் ஃபர்சூட் இருக்காது. ஆசைப்படுகிறவர்கள் தங்கள் கதாபாத்திரத்தை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று வரைந்து, நிறங்களைக் குறித்து ஒரு ரெஃபரன்ஸ் ஷீட்டாக மேக்கரிடம் கொடுக்கிறார்கள். மேக்கர் என்றால் பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர், வீட்டிலேயே ஒரு ரூமில் தையல் மெஷினோடு.

ஓநாய் மனிதன் சினிமாவுக்குப் பழைய ஆள்தான். 1941ல் வந்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்தில் ஜாக் பியர்ஸ், நடிகர் லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் எருமையின் முடியை ஒட்டி ஓநாயாக்கினார். 1981ல் வந்த ‘அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்துக்காக ரிக் பேக்கர் மேக்கப்புக்கான ஆஸ்கரை வாங்கினார். ஆனா சினிமாவுக்கு ஒரு சலுகை உண்டு. கேமரா எந்தக் கோணத்தில் நிற்கும், எத்தனை நொடி ஓடும் என்பது முன்பே தெரியும். நடுவில் ‘கட்’ சொல்லலாம். ஃபர்சூட்டுக்கு அந்த வசதி கிடையாது. எல்லாப் பக்கத்தில் இருந்தும் பார்ப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள், வாலைப் பிடித்து இழுப்பார்கள். உள்ளே இருப்பவர் மணிக்கணக்கில் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒரு கிளையண்ட் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “சாம்பல் நிற ஓநாய் மனிதன். கழுத்தைச் சுத்திப் பெரிய பிடரி. பேசினா வாய் அசையணும். கால் நிஜ ஓநாய் மாதிரி வளைஞ்சிருக்கணும். பார்த்தா பயம் வரணும். ஒரு மணி நேரமாவது டான்ஸ் ஆடணும்.” இதில் கடைசி வரி, அதற்கு முன்னால் உள்ள எல்லா வரிகளோடும் சண்டை போடுகிறது. இந்தச் சண்டையைத் தீர்ப்பதுதான் வேலையே.

அளவெடுப்பதில் இருந்தே தொடங்கலாம். கிளையண்ட் வேறு நாட்டில் இருப்பார். டிரையல் பார்க்க வர முடியாது. அதனால் அவர் பழைய துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நண்பரை வைத்து உடம்பு முழுக்க டக்ட் டேப்பைச் சுற்றச் சொல்வார். பிறகு கத்தரியால் கவனமாக வெட்டி, கழற்றி, கூரியரில் அனுப்புவார். மேக்கர் அதற்குள் பஞ்சு அடைத்தால் கிளையண்ட் உடம்பின் நகல் ரெடி. அதன்மேல் மார்க்கரால் கோடு போட்டு, எந்த இடத்தில் எந்த நிறம், எந்த இடத்தில் தையல் என்று முடிவு செய்து, கோட்டின் வழியே வெட்டிப் பிரித்தால் தைக்க வேண்டிய துண்டுகளின் பேட்டர்ன் கிடைத்துவிடும்.

ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் ‘டெவலப்மெண்ட் ஆஃப் சர்ஃபேஸஸ்’ படித்தோமே, அதேதான் இது. சிலிண்டரையும் கூம்பையும் விரித்தால் தட்டையாகப் படுக்கும். கோளம் படுக்காது. தோள், இடுப்பு, ஓநாயின் கன்னம் எல்லாம் கோளத்தின் சொந்தக்காரர்கள். எங்கே வெட்டுக் கொடுத்தால் துணி சுருங்காமல் உட்காரும் என்பதை மேக்கர் கண்டுபிடித்தாக வேண்டும். அதோடு ரோமத்துக்கு ஒரு திசை உண்டு. மூக்கில் இருந்து பின்னோக்கி, தோளில் இருந்து கீழ்நோக்கி. ஒரே ஒரு துண்டைத் திருப்பி வெட்டிவிட்டாலும் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். வெட்டுவதும் கத்தரியால் கிடையாது. பின்பக்கத் துணியை மட்டும் பிளேடால் கீறுவார்கள். கத்தரி போட்டால் ரோமமும் சேர்ந்து வெட்டுப்பட்டுத் தையல் வரி பளிச்சென்று தெரிந்துவிடும். நம்ம எக்ஸாமில் இந்த யூனிட்டுக்கு விடை ஷீட்டில் கோடு போட்டதோடு கதை முடிந்தது. அதை யாரும் வெட்டி, ஒட்டிப் பார்த்து ‘பொருந்துதா?’ என்று கேட்டதில்லை.

அடுத்தது கால். ஓநாயின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக வளைந்த மாதிரி தெரிகிறதே, அது முழங்காலே இல்லை, கணுக்கால். ஓநாய் விரல்களில் நிற்கிறது. குதிகால் அந்தரத்தில் இருக்கிறது. மனுஷன் எலும்பை மாற்ற முடியாது. அதனால் தொடையைக் கனமாகவும், கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு மேடு வருகிற மாதிரியும் ஃபோம் வைத்து, வளைந்த கால் போலக் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர் சாதாரணமாகத்தான் நிற்கிறார். வெளியே இருப்பவர் கண்ணுக்கு ஓநாய் தெரிகிறது. ஃபோம் கூடக் கூட வளைவு அழகாக வரும். அதே அளவுக்குத் தொடை உரசும், படி ஏறுவது சிரமமாகும், சூடும் ஏறும். எங்கே நிறுத்துவது? கிளையண்ட் போட்டோவுக்கு மட்டும் நிற்கப் போகிறாரா, ஆடப் போகிறாரா என்று கேட்டால்தான் தெரியும்.

கண்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கண்ணின் வெள்ளையும் கருவிழியும் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள மெஷ்ஷின் மேல் பெயிண்ட் செய்யப்படுகின்றன. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. அதனால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு நிறம் தெரியும். உள்ளே இருப்பவருக்கு ஓட்டை வழியே உலகம் தெரியும். கருவிழியைக் கொஞ்சம் உள்வாங்கி வைத்தால், நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஓநாய் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனா ஓநாய் மனிதன் கோபக்காரன். புருவம் இறங்க வேண்டும், கண் சுருங்க வேண்டும். சுருங்குகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் உள்ளே இருப்பவரின் பார்வையில் இருந்து பிடுங்கப்படுவது. மூஞ்சி முன்னால் நீண்டிருப்பதால் காலடியும் தெரியாது. வாய் அசைய வேண்டுமென்றால், கீழ்த்தாடையைக் கீல் வைத்து, எலாஸ்டிக்கால் கிளையண்ட்டின் தாடையோடு இணைக்க வேண்டும். கீலின் இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் அவர் வாயைத் திறப்பார், ஓநாய் திறக்காது.

இப்போது சூட்டுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஆடும்போது அது பல மடங்கு. ரோமம் என்பது காற்றைப் பிடித்து வைக்கிற போர்வை. வெப்பம் வெளியே போக விடாது. மிச்சம் இருக்கிற ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். ஒரு மணி நேரத்தில் அது நடந்தால் 670 வாட்டுக்குச் சமம். கணக்கில் பிரமாதம். ஆனா ஆவியாக வேண்டுமே! சூட்டுக்குள் காற்று ஏற்கனவே ஈரம். வழிந்து ஓடுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சென்னையின் புழுக்கத்தில் இருந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதனால்தான் ஓநாயின் மூஞ்சிக்குள் 5 வோல்ட் குட்டி ஃபேன், அதற்கு ஒரு பவர் பேங்க். வாயும் மூக்கும் காற்றுப் போகிற வழிகள். சிலர் உள்ளே கூலிங் வெஸ்ட் போட்டுக்கொள்கிறார்கள். அதில் வெறும் ஐஸுக்குப் பதிலாக சுமார் 14 டிகிரியில் உருகுகிற பொருளை வைப்பதும் உண்டு. தோலுக்கு அவ்வளவு கடுமையாக இருக்காது. மாநாடுகளில் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து, ஃபேன் முன்னால் உட்கார்வதற்கென்றே தனி ரூம் ஒதுக்குகிறார்கள். சூட் போட்டவரின் கூடவே ஒரு உதவியாள் நடப்பார். படி வருது, குழந்தை வருது என்று சொல்வது அவர் வேலை. டிசைன் எங்கே தோற்கும் என்று தெரிந்து, அதற்கு ஏற்பாடும் செய்து வைத்திருக்கிறார்கள்.

இனி எதிர்வாதங்கள். ‘இதெல்லாம் யாருக்குப் பயன்?’ என்று கேட்கலாம். போட்டுக்கொள்கிறவருக்குப் பயன். தன் மனதில் வருஷக்கணக்கில் வளர்த்த ஒரு உருவத்துக்குள் நிற்க அவர் ஆசைப்படுகிறார். யாருக்கும் கெடுதல் இல்லை. ‘ஒரு வேஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலரா?’ என்றால், முழு சூட் என்பது நூறு மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிற கைவேலை. மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், கொள்ளை லாபமாகத் தெரியாது. இந்தத் துறையிலும் கறை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். முன்பணம் வாங்கிவிட்டு இழுத்தடிக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அதனால்தான் நல்ல மேக்கர்கள் எத்தனை ஆர்டர் வரிசையில் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எதுவரை மாற்றம் கேட்கலாம் என்று எழுதி வைத்துவிட்டே தொடங்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ அனுப்பி ‘ஓகேவா?’ என்று கேட்கிறார்கள்.

‘ஃபார்முலா எங்கே, சிமுலேஷன் எங்கே?’ என்பது இன்னொரு கேள்வி. மேக்கர்களில் பெரும்பாலானவர்கள் வெப்பச் சமன்பாடு எழுதுவதில்லை, உண்மைதான். செய்து, போட்டுப் பார்த்து, திருத்தித்தான் கற்றுக்கொள்கிறார்கள். நமக்கு ஃபார்முலா தெரியும். ஆனா போட்டுப் பார்க்க ஆள் இல்லை.

என் ஆதங்கம் இதுதான். நம்ம ப்ராஜெக்ட்களில் பயனாளி என்பவர் பிபிடியின் மூணாவது ஸ்லைடில் வருகிற ஒரு வரி. ‘விவசாயிகளுக்குப் பயன்படும்’, ‘பார்வையற்றவர்களுக்கு உதவும்’. எந்த விவசாயி? அவர் கை எவ்வளவு பெரிசு? அந்த ஸ்மார்ட் ஸ்டிக்கைப் பிடித்து யார், எந்த ரோட்டில் பத்து நிமிஷம் நடந்தார்? பேனலும் கேட்காது, நாமும் சொல்ல மாட்டோம். ரிவ்யூ அன்று எல்ஈடி எரிந்தால் போதும். அடுத்த வாரமே அந்தக் கருவி லேப் அலமாரிக்குப் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. ஃபர்சூட் மேக்கருக்கு அந்தச் சுகம் கிடையாது. அவர் கணக்கு தப்பினால் உள்ளே ஒருத்தர் மயங்கி விழுவார்.

எல்லாரும் ஓநாய் தைக்கப் போங்க என்று நான் சொல்லவில்லை. மூன்றே மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ப்ராஜெக்ட் தொடங்கும்போதே பயன்படுத்தப்போகிற ஒரு நிஜ ஆளைத் தேடுங்க. ஹாஸ்டல் மெஸ் அக்காவாக இருக்கலாம், வொர்க்‌ஷாப் அண்ணனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தாத்தாவாக இருக்கலாம். இரண்டு, அவரை அளந்து, அவர் கேட்பதை எழுதி வாங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் காட்டுங்க. மூன்று, ஃபைனல் ரிவ்யூவுக்கு முன்னால் அவரை ஒரு மணி நேரம் பயன்படுத்த விட்டு, நீங்க குறுக்கே பேசாமல் பக்கத்தில் நின்று பாருங்க. பேனலில் உட்காரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சர்க்யூட் டயகிராமைக் கேட்பதற்கு முன்னால் “இதை யார்ப்பா யூஸ் பண்ணாங்க? அவங்க என்ன சொன்னாங்க?” என்று கேளுங்க, சார்.

அடுத்த தடவை அந்த ஓநாய் ரீல்ஸில் வந்தால் தாராளமாகச் சிரிங்க, தப்பில்லை. சிரித்து முடித்ததும் இன்னொரு தடவை ஓடவிட்டு, அது எப்படிப் படி இறங்குகிறது, எந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கிறது, கூட நடக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனிங்க.