பஞ்சில் முளைக்கும் பயறு

பாசிப்பயறை ஈரப்பஞ்சில் போட்டுப் பார்க்காத மாணவர் நம் பள்ளிகளில் அநேகமாக இல்லை. ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். முளைப்புக்கு நீர், காற்று, ஏற்ற வெப்பம் வேண்டும் என்று எழுதி ஏட்டை மூடிவிடுகிறோம். போட்ட விதை ஏறக்குறைய எல்லாமே ஒன்றாக முளைப்பது ஏன் என்று கேட்பதில்லை. அதைத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

காட்டுப் பாசிப்பயறு அப்படி முளைக்காது. அதன் தோல் கடினமானது, எளிதில் நீரை உள்ளே விடாது. சில விதைகள் இந்த மழைக்கு, சில அடுத்த மழைக்கு என்று பிரிந்து முளைக்கும். ஒரு பருவம் பொய்த்தாலும் இனம் தப்பும். காயும் முற்றியதும் வெடித்து விதையைச் சிதறிவிடும். மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. உடனே முளைத்த செடியே அறுவடைக்கு வந்தது; வெடிக்காத காயே கூடைக்குப் போனது. அவையே மறுபடி விதையாயின. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பல தலைமுறைகளில் பயறே மாறிப்போனது.

தமிழ்நாட்டில் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்திய புதிய கற்கால மக்களின் குழிவீடுகள், தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள், கூடவே கருகிய பாசிப்பயறும் கொள்ளும் கிடைத்தன. அது பழைய வட ஆற்காடு. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

உடனே "தமிழனே முதல் உழவன்" என்று புலனத்தில் பகிர வேண்டாம். மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பயிராகிவிட்டன. ஆனால் உழவு ஒரே இடத்தில் பிறந்து எங்கும் பரவியது என்பதும் சரியல்ல. தென்னிந்தியா தன் பயறையும் சிறுதானியத்தையும் தானே காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டு வந்தது என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

புதிய கற்காலம் வரலாற்று ஆசிரியர் வேலை, முளைப்பு என் வேலை என்று பிரித்துக்கொண்டதால்தான் இது மாணவருக்குப் போய்ச் சேர்வதில்லை. தேர்வில் வராதே என்பார்கள். வராதுதான். செலவும் இல்லையே!

காட்டுப் பயறுக்கு எங்கே போவது? திடல் ஓரத்துத் தொட்டாற்சிணுங்கி போதும். அதுவும் பயறு குடும்பம், தோலும் கடினம். (செம்பனைத் தோட்டத்தில் மண்ணை மூட விதைக்கும் பூராரியா கொடியும் இதே ரகம்தான். அதன் விதையைச் சுடுநீரில் போட்டு எடுத்து விதைப்பதுண்டு.) ஒரு தட்டில் இருபது பாசிப்பயறு, அடுத்ததில் இருபது தொட்டாற்சிணுங்கி விதை, மூன்றாவதில் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்த அதே விதை இருபது. ஒரு வாரம் தினமும் எண்ணச் சொல்லுங்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று முதல் மாணவர் கேட்டதும் பையம்பள்ளியைப் பற்றிச் சொல்லலாம்.