என்ன குழம்பு?



மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பேரவைச் செயலாளர் கேட்டார். நட்பைப் பற்றிக் கவிதைகள் நிறைய வந்துவிட்டன என்றும் சொன்னார். நல்லவேளை, எனக்குக் கவிதை வராது. நட்பைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே ஒரு கருத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

'கஷ்டத்தில் உதவுபவனே நண்பன்' என்று எல்லாரும் சொல்கிறோம். நான் சொல்வது கொஞ்சம் வேறு. கஷ்டமே இல்லாத சாதாரண நாளில் "என்ன குழம்பு?" என்று கேட்காதவன், கஷ்டம் வருகிற நாளில் வந்து நிற்பது அபூர்வம். அவன் கெட்டவன் என்பதால் அல்ல. வர மனசு இருந்தாலும் அவனுக்கு வழி தெரியாது. யார் வீட்டில் என்ன குறை, யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் தினப்படிப் பேச்சில்தான் தெரியவரும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அப்பாயி. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். நடவு, களையெடுப்பு என்று ஒன்றாக வேலைக்குப் போன ஐந்து பேர், அப்பாயியும் சேர்த்து, சேக்காளிகள். ஐம்பது வருஷப் பழக்கம். வயசாகி வேலைக்குப் போக முடியாமல் போன பிறகும் சாயங்காலம் ஆனால் யாராவது ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள். வெற்றிலை இடித்துக்கொண்டே பேச்சு. எந்த ஆடு குட்டி போட்டது, யாருக்கு முழங்கால் வலி, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், இவ்வளவுதான். "இதுகளுக்கு வேலையத்த பேச்சு" என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்து, எங்கள் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. செல்போனில் இருநூறு நம்பர் வைத்திருந்தவர்கள்கூட யாரையும் கூப்பிட முடியவில்லை. விடிந்ததும் அப்பாயி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. யார் வீட்டு ஓடு பழசு, யார் தனியாகப் படுத்திருப்பார், யாருக்கு ராத்திரியில் கண் தெரியாது, எல்லாம் அதற்கு மனப்பாடம். ஒரு வீட்டு வாசலில் தென்னை விழுந்து கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஒரு சேக்காளி. ஆள் கூட்டிவந்து மரத்தை வெட்டச் சொன்னது அப்பாயிதான். அந்த ஐந்து பேர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் பத்து நாள் வெந்தது. வேலையத்த பேச்சு வேலைக்கு வந்த நாள் அது!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு மாதிரிக் கஷ்டம். சேக்காளிகளில் ஒருத்தர் திருவாரூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பஸ் நின்றுவிட்டது. வயசானவர்களை வெளியே விடாதீர்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். சரியான யோசனைதான். ஆனால் திண்ணை இல்லாத அப்பாயி நாலே வாரத்தில் பாதி ஆளாகிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு நம்பர் போடத் தெரியாது. நான் போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் மகளின் போன்.

"அடியே, நாந்தாண்டி. என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புக்கா. நீ சாப்பிட்டியா?"

அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தினமும் ஐந்து மணிக்கு அந்தப் போன் நடந்தாக வேண்டும். அந்தச் செப்டம்பர் 7-ஆம் தேதி மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கும்வரை தினமும் நம்பர் போட்டது நான்தான். முதுமையில் மாத்திரையைப் போலவே சேக்காளியும் வேளை தவறாமல் வேண்டும் என்று அப்போது புரிந்தது. ஐந்து பேரில் இன்று மூன்று பேர்தான் இருக்கிறார்கள். வயசாக ஆக நட்பு குறைவது மனசு மாறுவதால் அல்ல. கால் நடக்காது, காது கேட்காது, ஆள் போய்விடும்.

பிசிராந்தையார் கதை எல்லாருக்கும் தெரியும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை பார்த்தே இராத நண்பர் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். 'பார்க்காமலே நட்பு' என்று மேடையில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறோம். அதே பிசிராந்தையாரிடம், இத்தனை வயசாகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலும் புறநானூற்றில் இருக்கிறது. மனைவி மக்கள், வேலையாட்கள், அரசன் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, தம் ஊரில் நல்ல சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று முடிக்கிறார். அதாவது தினமும் பார்க்கிற ஆட்கள்! இந்தப் பாதியை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

சரி, நம் கதைக்கு வருவோம். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஐம்பத்தெட்டு பேர். தினமும் 'குட்மார்னிங்' படம் வருகிறது. போன பருவத்தில் ஒரு நண்பன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. குரூப்பில் "என்னாச்சு மச்சான்?" என்று கேட்டவர்கள் பலர். அவன் பதில் போடவில்லை. பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போனது, அவனோடு தினமும் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடும் ஒருத்தன்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல், அவன் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு பேர் பார்க்கிற இடத்தில் எவன் தன் வீட்டுக் கஷ்டத்தை எழுதுவான்? நேரில் போனவனிடம்தான் சொன்னான். விஷயம் துறைத்தலைவர் வரை போய், இன்னும் கொஞ்ச நாளில் நின்றிருக்க வேண்டிய படிப்பு நிற்காமல் தப்பியது.

நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது, அரியரை எப்படி முடிப்பது, எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று சொல்லித்தர எங்களுக்குப் படித்த மாமா, சித்தப்பா கிடையாது. எங்களுக்கு நண்பன்தான் மாமா, சித்தப்பா எல்லாம். இன்னும் சில மாதத்தில் ஓசூர், ஒரகடம், கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு பக்கம் போகப்போகிறோம். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தால் தூக்கம்தான் வரும், நண்பன் நினைவு வராது. அதனால் இப்போதே சில பழக்கங்களை வைத்துக்கொள்வோம்.

நெருங்கிய ஐந்து பேரின் நம்பரையும் ஊர் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். புயல் அடித்தால் தாள்தான் பேசும். மாதம் ஒரு முறையாவது காரணமே இல்லாமல் ஒருவனைக் கூப்பிடுங்கள். போன் எடுக்காதவனுக்கு 50 பைசா தபால் அட்டை இன்றும் போகிறது. சம்பளம் வாங்கிய பின் ஊருக்குப் போனால், உங்கள் தாத்தாவையோ அப்பாயியையோ வண்டியில் உட்காரவைத்து அவர்களின் பழைய சேக்காளி வீட்டில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். அவர்களுக்கு வேட்டி, சேலை எடுத்துக் கொடுப்பதைவிட இது பெரிது.

வொர்க்ஷாப்பில் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? லேத் நின்றபிறகு ஓடாதே, தினமும் எண்ணெய் விடு என்கிறார்கள். இரும்புக்கே அந்தக் கவனிப்பு வேண்டும் என்றால் மனுஷனுக்கு வேண்டாமா?

இந்த மலரை மூடி வைத்ததும் யாராவது ஒருவனைக் கூப்பிடுங்கள் நண்பர்களே. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். என்ன குழம்பு என்று கேளுங்கள், போதும்.

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை