ஆலயமும் ஆன்ம லயமும்

தமிழ்ச் சமயச் சொற்பொழிவு மேடைகளில் நெடுங்காலமாக ஒரு விளக்கம் உலவி வருகிறது. 'ஆ என்பது ஆன்மா. லயம் என்பது ஒடுங்குதல். ஆன்மா இறைவனிடம் லயிக்கும் இடமே ஆலயம்' என்பது அது. கேட்போர் தலையசைக்கின்றனர், மாணவர் ஏட்டில் குறித்துக்கொள்கின்றனர். தத்துவமாக இதனைக் கொள்வார் கொள்க. சொற்பிறப்பாக இது நில்லாது.

ஆலயம் வடசொல். அதன் முதலில் நிற்கும் 'ஆ' ஆன்மாவின் சுருக்கம் அன்று, வடமொழி முன்னொட்டு. முழுச்சொல்லின் பொருள் தங்குமிடம், உறைவிடம் என்பதே. இமாலயம் பனியின் உறைவிடம்; 1972இல் மாநிலமான மேகாலயா முகில்களின் உறைவிடம்; தேவாலயம் தேவனின் உறைவிடம்; போஜனாலயம் உணவுச்சாலை. பனிமலையில் எந்த ஆன்மா லயிக்கிறது? உணவுச்சாலையில் லயிப்பது யாது? ஒரே சொல்லுக்குக் கோபுரத்தடியில் ஒரு பிறப்பும் அடுக்களையில் வேறொரு பிறப்பும் இருத்தல் இயலாது.

வெறும் உறைவிடம் என்றால் பெருமை குன்றுமென அஞ்சுவோர், கோயில் என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தாரல்லர். கோ என்பது அரசன், தலைவன். இல் என்பது வீடு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டுச் சென்ற பாண்டியன் அரண்மனையும் கோயிலே. பின்னர் அச்சொல் இறைவனுக்கே உரியதாயிற்று. கோயில் என்ற அளவிலேயே சைவர்க்குச் சிதம்பரத்தையும் வைணவர்க்குத் திருவரங்கத்தையும் குறிக்கும் சிறப்புப் பெற்றது. வீடு என்னும் பொருள் இவ்வுயர்வுக்குத் தடையாக நின்றதில்லை.

காத்தோங் வட்டாரத்துச் சிலோன் சாலையில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலே இதற்குச் சான்று. 1850களில் குளக்கரையொன்றில் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டது என்றும், அருகில் நின்ற செண்பக மரமே பெயருக்குக் காரணம் என்றும் அதன் தலவரலாறு கூறும். இலங்கைத் தமிழரான எதிர்நாயகம் பிள்ளையின் துணையால் அம்மரத்தடியில் எழுந்த முதற் கட்டடம் அத்தாப்புக் கூரை வேய்ந்தது. கடல் கடந்து வந்தோர் தம் தெய்வத்திற்கு முதலில் செய்தது என்ன? வெயிலும் மழையும் படாமல் ஒரு வீடு அமைத்தனர். சொல்லின் பொருளைச் செயலாற் காட்டினர்.

பொய்ப்பிறப்பின் தீங்கு சிறிதன்று. அது இரவற் சொல்லுக்கு இல்லாத ஆழத்தை ஏற்றுகிறது. சொந்தச் சொல்லுக்கு உள்ள ஆழத்தை மறைக்கிறது. தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டுமே பயிலும் சிங்கப்பூர்ச் சிறாருக்கு இதுவே தமிழறிவு எனப் புகட்டினால், அதனைப் பிற்காலத்தில் திருத்துவார் யார்? ஆலயம் என்று எழுதுவோர் எழுதுக; அதற்குப் பொய்ச் சாதகம் கணிக்க வேண்டா.