வதந்திக்கு வவுச்சர் உண்டா?

பி.காம். படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு வியாதி நிச்சயம் ஒட்டிக்கொள்ளும். யார் எதைச் சொன்னாலும் ‘வவுச்சர் எங்கே?’ என்று கேட்பான். அதனால்தான் கல்யாண வீடுகளில் எங்களை மொய் எழுத உட்கார வைக்கிறார்கள். பந்திக்குக் கூப்பிடும்போது பாயசம் தீர்ந்திருக்கும். அது கிடக்கட்டும்.

இந்த வாரம் எங்கள் ஊர்க் கணக்கு. மணவாளக்குறிச்சி என்றால் பலருக்குக் கருமணல் ஞாபகம் வரும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தப் பக்கத்துக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலைச் சோதித்து, மோனசைட் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நாம் கயிற்றை விற்றோம். அவர் மணலைப் பார்த்தார். வியாபாரம் என்றால் அது!

ஊரில் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் உண்டு. மூன்று பக்கமும் ஒலிபெருக்கி உண்டு. அலாரம் வாங்குகிற செலவு மிச்சம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் பாவம், எட்டு மணிக்கே தூங்கிவிடும் போலிருக்கிறது.

சிரிப்பு இதோடு போதும். மணவாளக்குறிச்சியிலிருந்து நடந்தே போய்விடலாம் மண்டைக்காட்டுக்கு. பகவதியம்மன் கோயில். மூலஸ்தானத்தில் சிலை கிடையாது, புற்றுதான் அம்மன். மாசி மாதம் பத்து நாள் கொடை. கேரளத்திலிருந்தெல்லாம் பெண்கள் இருமுடி கட்டி வருவார்கள். கடலில் குளித்துவிட்டுச் சாமி கும்பிட வேண்டும். அந்தக் கடற்கரைதான் மீனவர்களுக்கு வீட்டு முற்றம், வேலை செய்யும் இடம் எல்லாம். அவர்கள் கத்தோலிக்கர்கள். ஒரே மணலில் ஒருவருக்குத் தீர்த்தம், இன்னொருவருக்குச் சோறு. பல தலைமுறை சேர்ந்தே நடந்த கொடை அது.

1982 மார்ச் 1. கொடை நேரத்தில் கடற்கரையில் ஆரம்பித்த தகராறு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. மீனவர்கள் ஆறு பேர் செத்தார்கள். முடிந்தது என்றா சொன்னேன்? அங்கேதான் ஆரம்பம். கடற்கரை கிராமங்களுக்கும் உள்ளூர்களுக்கும் தீ பரவியது. வீடுகள் எரிந்தன, வள்ளங்கள் எரிந்தன. இன்னும் உயிர்கள் போயின. அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் வளர முடியாது.

சாயாக்கடையில் ஒரு பாட்டா உண்டு. எண்பதைத் தாண்டியவர். அவரிடம் கேட்டேன், “எப்படி பாட்டா ஒரே நாள்ல இவ்வளவு தூரம் பரவிச்சு? அப்ப போன்கூடக் கிடையாதே?”

“போன் எதுக்கு மக்கா? நாக்கு இருந்துச்சுல்லா. பொம்பளையள அப்டிச் செஞ்சிட்டானுவளாம்னு ஒருத்தன் சொன்னான். கெணத்துல வெஷம் போட்டுட்டாவளாம்னு இன்னொருத்தன். பாத்தவன் ஒருத்தனும் இல்ல, சொன்னவன் ஆயிரம் பேரு. அவன் சாவுக்கு இவன் வீட்டை எரிச்சா சரியாப் போவுமாலே?”

பாட்டா பி.காம். படிக்கவில்லை. ஆனாலும் இதைவிடச் சரியாக ஒரு ஆடிட்டரால் சொல்ல முடியாது. வவுச்சர் இல்லாத பதிவு முதல் தப்பு. ஒருவன் பெயரில் எழுத வேண்டியதை ஒரு ஜாதி, ஒரு மதத்தின் மொத்தக் கணக்கில் எழுதுவது இரண்டாவது தப்பு. வெறுப்பு என்பது இந்த இரண்டு தப்பும் சேர்ந்த பேரேடுதான். அதில் ‘அவன்’ என்ற சொல்லே கிடையாது, ‘அவங்க’தான். தீவிரவாதத்துக்கு ஆள் பிடிக்கிறவர்களும் இதே பேரேட்டைக் காட்டித்தான் பிடிக்கிறார்கள்.

★

அந்தத் தீயை அணைக்க எத்தனையோ பேர் அலைந்தார்கள். குன்றக்குடி அடிகளார் இங்கே வந்து இரண்டு பக்கமும் சமாதானம் பேசினார். காவி கட்டிய சைவ மடாதிபதி, சிலுவை போட்ட கடற்கரைக்காரர்களிடம் பேச வந்தார். வந்தவர் ‘அவங்க’ கணக்கில் எழுத முடியாத ஆளாக இருந்தார். அதுதான் அதில் விஷயம்.

அரசு என்ன செய்தது? நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டது. கமிஷன் வேண்டியதுதான். ஆனால் கமிஷன் என்பவர் ஆடிட்டர் மாதிரி. ஓட்டை எங்கே, எப்படி விழுந்தது என்று எழுதுவார். கை வைத்தவனை ஜெயிலில் போட அவரால் முடியாது. சட்டத்தில் அந்த அதிகாரமே இல்லை. தண்டனை கொடுக்க வேண்டியது கோர்ட். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்வார்கள். எந்த வீடு எரிந்தது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். ‘எரித்த எவனுக்கு என்ன தண்டனை?’ என்று கேட்டால் மட்டும் சாயா கிளாஸுக்குள் எதையோ தேடுவார்கள்.

கோர்ட்டின் முதல் வேலை தண்டனை கொடுப்பது அல்ல என்றுகூட எனக்குத் தோன்றும். ‘அவங்க’ளைக் கலைத்து ஏ-1, ஏ-2, ஏ-3 என்று ஆள் ஆளாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஏ-1 யார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார். தெரியாவிட்டால் அவரும் சந்தேகக் கேஸ்தான், ஆயுள் முழுக்க!

★

நம்ப முடியவில்லையா? கோயமுத்தூரைப் பாருங்கள். 1997 நவம்பர் 29-ம் தேதி ஒரு போக்குவரத்துக் காவலரைச் சிலர் குத்திக் கொன்றார்கள். சிலர்தான். கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது? ஒரு சமுதாயத்தின் பெயரில். அடுத்த இரண்டு நாளில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள், கடைகள் எரிந்தன. அதற்கு வட்டி போட்டு வசூலிக்க ஒரு கூட்டம் கிளம்பியது. 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் போனார்கள். அவர்களில் யார் அந்த நவம்பரில் யாரை என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரி வாசலிலும் ரோட்டிலும் நின்ற ஜனங்கள், ஸார்!

தீர்ப்பு 2007-ல்தான் வந்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று முடிவானது. விசாரணைக் கைதியாக ஒன்பது வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்த கேரளத்துத் தலைவர் மதானி நிரபராதி என்று விடுதலையானார். ஒன்பது வருஷம் நியாயத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கும் நஷ்டம், ஒன்பது வருஷம் உள்ளே இருந்த நிரபராதிக்கும் நஷ்டம். லாபம் யாருக்கு என்றால், ‘பாத்தியா, நமக்கு நியாயம் கிடைக்காது’ என்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு திரிகிறவர்களுக்கு.

அதே கோயமுத்தூர். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலை. கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. ஓட்டி வந்தவரே இறந்தார். 1998-ஐப் பார்த்தவர்களுக்கு அன்றைக்கு அடிவயிறு கலங்கியிருக்கும். ஆனால் போலீஸ் ஓரிரு நாளில் ஆள் ஆளாகப் பிடித்தது. வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. பிறகு ஜமாத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் ஒற்றுமை சொல்லி வந்தார்கள். கோயிலில் அவர்களை வரவேற்றார்கள். ஊர் எரியவில்லை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை: போலீஸ் ‘இன்னார்தான்’ என்று சொல்ல வேண்டும், ஊர் ‘இன்னார் மட்டும்தான்’ என்று சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே பாடம்தான். 1993-ல் லண்டன் பஸ் ஸ்டாப் ஒன்றில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயசுக் கறுப்பினப் பையனை, நிறத்துக்காகவே ஒரு வெள்ளைக்காரக் கும்பல் குத்திக் கொன்றது. போலீஸ் விசாரணை சொதப்பல். 1999-ல் மக்ஃபர்சன் அறிக்கை, போலீஸ் துறைக்குள்ளேயே நிறவெறி ஊறிக் கிடக்கிறது என்று போட்டு உடைத்தது. ‘இது நிறவெறித் தாக்குதல்’ என்று அடிபட்டவரோ வேறு யாருமோ நினைத்தால், போலீஸ் முதலில் அப்படியே பதிவு செய்ய வேண்டும் என்று அதற்கப்புறம் ஆனது. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆயிற்று. பத்தொன்பது வருஷம் பெற்றவர்கள் விடவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்டது குத்தியவர்களைத்தான், வெள்ளைக்காரர்களை அல்ல.

★

நம் ஊரில் சட்டம் இல்லையா? ஏராளம். மதம், ஜாதி, மொழியின் பெயரால் பகையை மூட்டினால் பழைய ஐ.பி.சி. 153-ஏ; 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 196. மூன்று வருஷம் வரை ஜெயில். கோயில், சர்ச், பள்ளிவாசலுக்குள் செய்தால் ஐந்து வருஷம் வரை. ஜாதி, சமூகம், மொழி போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து கொலை செய்தால் தூக்கு அல்லது ஆயுள் என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது. வெறுப்புப் பேச்சுக்கு யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் போலீஸ் தானே வழக்குப் போட வேண்டும், பேசியவர் எந்த மதமென்று பார்க்கக் கூடாது என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது.

பிறகென்ன? ஒரு சின்னக் கொக்கி. 196-ல் வழக்கை கோர்ட் எடுத்துக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். பேசியவர் வேண்டியவர் என்றால் ஃபைல் தூங்கும். வேண்டாதவர் என்றால் ஃபைல் ஓடும். ஒரு பக்கத்து மைக்குக்கு மட்டும் காது கொடுக்கிற சட்டத்தை மறுபக்கம் எப்படி நம்பும்? நம்பிக்கை போன இடத்தில்தான் அரிவாளோடு ஒருவன், ‘நான் வசூலித்துத் தருகிறேன்’ என்று வந்து நிற்கிறான்.

அரசாங்கத்தைச் சொல்லியாயிற்று. இனி நாம். எங்கள் மாவட்டத்தில் திருவிழா என்றால் தாசில்தார், போலீஸ், பங்குத் தந்தை, ஜமாத், கோயில் நிர்வாகம் எல்லோரும் உட்காரும் அமைதிக் கூட்டம் ஒன்று உண்டு. டீ, பிஸ்கட், நிறைய சத்தம், கடைசியில் கையெழுத்து. கேலியாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பிரச்னை வந்தால், பங்குத் தந்தையின் நம்பர் கோயில் நிர்வாகியின் போனில் இருக்கும். அந்த நம்பர்தான் முக்கியம், பிஸ்கட் அல்ல.

இப்போது நாக்கின் வேலையை வாட்ஸ்அப் பார்க்கிறது. ‘அவங்க இப்படிச் செஞ்சுட்டாங்க, உடனே பகிரவும்’ என்று வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த ஊர்? பார்த்தது யார்? எந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர்.? அவ்வளவுதான். குடும்பக் குரூப்பில் சித்தப்பா கோபித்துக்கொள்வார். ‘ரொம்பப் படிச்சவன்’ என்று பட்டம் கொடுப்பார். குரூப்பை விட்டே தூக்கினாலும் தூக்குவார். காலையில் குட் மார்னிங் ரோஜாப்பூ வராது. ஊர் எரிவதற்கு அது பரவாயில்லை.

எங்கள் ஊர் மணல் ஆலையில் தினமும் நடப்பது இதுதான். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே கறுப்பு. காந்தத்தைக் காட்டினால் இல்மனைட் ஒட்டும், ஜிர்கான் ஒட்டாது. பொடி மணலையே இது வேறு, அது வேறு என்று பிரித்தெடுக்கத் தெரிந்த ஊர் இது. மனுஷனைப் பிரித்துப் பார்க்க மட்டும் முடியாதா என்ன?